தலையில் கப்பல் சுமந்தவர்

ஒட்டுப்போட்ட கோட்டு. அக்குளில் ஊன்றிய கட்டை, கையில் தடி. தலையில் தொப்பி, அதன் உச்சியில் பாய்மரமும் கயிறுமாக ஒரு முழுக் கப்பல். 1815ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்த அச்சுப்படத்தில் நிற்பவர் பெயர் ஜோசப் ஜான்சன். வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து, காயப்பட்டு, இனிக் கடலுக்குப் போக முடியாது என்று கரையில் ஒதுங்கிய கறுப்பின மாலுமி. படத்தை வரைந்து செதுக்கியவர் ஜான் தாமஸ் ஸ்மித். லண்டன் தெருக்களில் இரந்து பிழைத்தவர்களை நேரில் பார்த்து அவர் வரைந்த உருவங்கள் 1817இல் ‘வேகபாண்டியானா’ என்ற நூலாக வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர் ஆகியிருந்தார்.

அந்தக் காலத்தில் லண்டன் கடைகளில் கடல் சம்பந்தப்பட்ட அச்சுப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1805இல் டிராஃபல்கர் போரில் இறந்த நெல்சனின் முகம் எத்தனையோ விதமாக விற்றது. தளபதிகளும் கப்டன்களும் பதக்கங்களோடு அச்சானார்கள். சாதாரண மாலுமிக்கு அதில் இடம் கேலிச்சித்திரத்தில்தான்: குடிப்பவன், பெண்களைத் துரத்துபவன், சம்பளத்தை ஒரே இரவில் தொலைப்பவன். பெயரும் முகமும் பிழைப்பின் விவரமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கடைநிலை மாலுமியின் படம் அபூர்வம். வயதோ காயமோ வேலையிலிருந்து விலக்கிவிட்ட மாலுமி என்றால் இன்னும் அபூர்வம். ஜான்சனின் படம் அந்த வகையில் முந்தியவற்றில் ஒன்று.

எட்சிங் என்னும் அந்த முறையை ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்து உருளைக்குள் கொடுத்தால் பள்ளத்தில் தங்கிய மை தாளில் ஏறும். தகட்டில் வலமாக இருப்பது தாளில் இடமாக வரும். எனவே இம்மாதிரிப் படங்களைப் பார்த்து ஒருவருக்கு எந்தக் கால் ஊனம் என்று அடித்துச் சொல்வது புத்திசாலித்தனம் இல்லை.

ஸ்மித் படத்தோடு நிற்கவில்லை. விசாரித்து எழுதியும் வைத்தார். ஜான்சன் முதலில் டவர் ஹில்லில் நின்று பாட்டுப் பாடினார். மெல்ல மெல்லத் தெருக்களுக்குள் வந்தார். அப்புறம் ‘நெல்சன்’ என்ற கப்பலின் மாதிரியைத் தானே செய்து தொப்பியில் பொருத்திக்கொண்டார். வீட்டுச் சன்னலை நோக்கி அவர் குனிந்து வணங்கும்போதும் நிமிரும்போதும் அந்தக் கப்பல் அலைமேல் ஏறி இறங்குவதுபோல் ஆடும். லண்டனோடு நிற்காமல் இரக்கமுள்ள வண்டிக்காரர்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு ஸ்டெய்ன்ஸ், ராம்ஃபோர்டு, செயின்ட் ஆல்பன்ஸ் சந்தைகளுக்கும் போய்விடுவார். அங்கே கடற்படையின் புகழ்பாடும் பாட்டுகளைப் பாடி உழவர்களிடம் காசு வாங்குவார். கரகாட்டக்காரர் குடத்தைச் சாயவிடாமல் ஆடுவதில் கைதட்டு வாங்குவார். இவரோ தலைச்சுமையைச் சாய்த்துச் சாய்த்தே காசு பார்த்தார்.

இந்தக் கப்பல் தொப்பியைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஜமைக்காவின் கிறிஸ்துமஸ் காலக் கூத்தான ஜான்கனூவில் வீட்டையோ கப்பலையோ மாதிரியாகச் செய்து தலையில் தூக்கி ஆடுவது வழக்கம். 1837-38இல் கிங்ஸ்டன் நகரில் ஐசக் மெண்டஸ் பெலிசாரியோ வெளியிட்ட லித்தோ படங்களில் அந்த ஆட்டக்காரரைப் பார்க்கலாம். ஜான்சனின் தலையில் இருந்தது அந்த அட்லாண்டிக் கறுப்பினத்தாரின் கூத்து மரபு என்பது ஒரு வாசிப்பு. ஏற்கத்தக்க வாசிப்புதான். ஆனால் அதைவிடக் கையருகில் ஒரு காரணமும் உண்டு. லண்டனில் அப்போது கடலையே பார்க்காமல் மாலுமி வேடம் போட்டுப் பிச்சை எடுத்தவர்கள் ஏராளம். அவர்களுக்குச் ‘சுங்கச்சாவடி மாலுமிகள்’ என்றே பட்டப்பெயர் இருந்தது. கப்பலின் ஒவ்வொரு கயிறும் எங்கே கட்டப்படும் என்று தெரிந்தவன்தான் அப்படியொரு மாதிரியைச் செய்ய முடியும். ஜான்சன் தன் வேலைச் சான்றிதழைத் தலையில் சுமந்தார்.

அந்தச் சான்றிதழ் அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை ஸ்மித்தே எழுதியிருக்கிறார். ஜான்சன் வணிகக் கப்பலில் மட்டும் வேலை செய்தவர். ஆகவே கிரீனிச் மருத்துவமனையின் ஆதரவுக்கு அவருக்கு உரிமை இல்லை. எந்தத் திருச்சபை வட்டாரத்திலும் நிவாரணம் கேட்கவும் வழியில்லை.

கிரீனிச் என்பது பெயருக்குத்தான் மருத்துவமனை. உண்மையில் அது முதிய, ஊனமுற்ற கடற்படையினருக்கான இல்லம். 1694இல் அரச ஆணையால் உருவாகி, 1705இல் முதல் ஓய்வூதியர்களைச் சேர்த்துக்கொண்டது. நெப்போலியப் போர்களின் கடைசியில், 1814இல், அங்கே 2,710 பேர் இருந்தார்கள். நீலக்கோட்டு, மூன்றுமுனைத் தொப்பி, புகையிலை, மூன்று வேளைச் சோறு. 1869இல் மூடப்படும்வரை லண்டன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் உள்ளிட்டோர் அந்தக் கிழவர்களை நகைச்சுவையாக வரைந்து தள்ளினார்கள்.

வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. அந்த இல்லத்துக்கான பணத்தில் ஒரு பங்கு வணிகக் கப்பல் மாலுமிகளின் சம்பளத்திலிருந்தே போனது. 1696ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி மாதம் ஆறு பென்ஸ் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டது; 1834இல்தான் அது நின்றது. கடற்படையில் இருந்திராத மாலுமி ஆயுள் முழுக்கக் கொடுத்தாலும் அந்த வாசலில் அவனுக்கு இடமில்லை. 1747இல் வணிக மாலுமிகளுக்கென்றே ஒரு நிதி வந்தது. அதற்கும் இன்னொரு ஆறு பென்ஸ். துறைமுகத்துக்குத் துறைமுகம் வெவ்வேறு அறங்காவலர் கையில் தாறுமாறாக நடந்த அந்த நிதி 1851இல் கலைக்கப்பட்டது. இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் ஏழையர் சட்டம். ஒருவருக்கு எந்த வட்டாரத்தில் குடியுரிமை உண்டோ அந்த வட்டாரம்தான் அவருக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். கடல் தாண்டி வந்தவருக்குச் சொந்த வட்டாரம் எது? பிடித்தம் பொது, பலன் தனி என்ற இந்தக் கணக்கு புரிந்தால்தான் ஜான்சனின் படம் முழுதாகப் புரியும். அவருக்கு ஓய்வூதியம் கிடைத்திருந்தால் நீலக்கோட்டுக் கூட்டத்தில் ஒருவராகி மறைந்திருப்பார். ஸ்மித்தின் ஊசி அவரைத் தொட்டிருக்காது.

ஸ்மித்தைத் தியாகி ஆக்க வேண்டியதில்லை. விசித்திரங்களைச் சேகரித்து விற்றவர் அவர். இரவலர்களைத் தெருவிலிருந்து அகற்றுவது பற்றி நாடாளுமன்றக் குழு 1815இல் விசாரித்துக்கொண்டிருந்தபோது, மறைவதற்குள் பதிவு செய்துவிடுவோம் என்கிற பழம்பொருள் பிரியரின் ஆசையில்தான் இந்த வேலையைச் செய்தார். நூலின் தலைப்பே ‘மிகக் குறிப்பிடத்தக்க’ இரவலர்களின் உருவங்கள் என்று ஆசை காட்டுகிறது. ஆனாலும் அவர் பெயரைக் கேட்டார், தொழிலைக் கேட்டார், எந்தச் சந்தைக்கு எப்படிப் போகிறார் என்றுகூடக் கேட்டார். இது அற்ப விஷயம் இல்லை என்பது பம்பாய்க்கு வந்தால் தெரியும்.

செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறி சி.எஸ்.எம்.டி. போகிறவர்கள் வடாலா தாண்டியதும் இடப்பக்கம் துறைமுகச் சுவரோடு பயணம் செய்கிறார்கள். சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித். இன்னும் தெற்கே, கோட்டைப் பகுதியின் கடலோரத்தில் இருப்பது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கப்பல் கட்டும் தளம். சூரத்திலிருந்து வந்த பார்சி வாடியா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே மலபார்த் தேக்கில் கப்பல் கட்டினார்கள். ஜான்சன் படம் அச்சான இரண்டு ஆண்டுகளில், 1817 அக்டோபரில், அங்கிருந்து ‘டிரிங்கமலி’ என்ற போர்க்கப்பல் கடலில் இறங்கியது. திருகோணமலையின் பெயர் தாங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கட்டிய ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் எண்ணெய் வண்ண உருவப்படம் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை அங்கி, சால்வை, பக்கத்தில் கப்பல் வரைபடம். கட்டியவருக்கு முகம் கிடைத்துவிட்டது. ஓட்டியவர்களுக்கு?

பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல்களில் கடைநிலை வேலை பார்த்தவர்களை ஆவணங்கள் லஸ்கர் என்கின்றன. அவர்களை ஆள் பிடித்து ஏற்றியவர் செராங். அவருக்குக் கீழே திண்டல், தூத்துக்குடித் தோணிக்காரர்கள் சொல்லும் தண்டல். கொங்கணக் கரை, குஜராத், கட்ச் ஆட்கள் மேல்தளத்தில் கயிறும் பாயும் பார்த்தார்கள். நீராவிக் கப்பல் வந்தபின் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் வந்தவர்கள் கொதிகலன் அறைக்குப் போனார்கள். அதில் ‘சீதி’ என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரும் உண்டு. சமையலும் பரிமாறலும் கோவாக்காரர்களிடம். பி அண்டு ஓ கப்பல் கம்பெனியின் ஆள் பிரிவு கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது.

ஸ்மித் தன் தகட்டைச் செதுக்கிய அதே 1815இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இன்னொரு குழு லஸ்கர்களைப் பற்றி அறிக்கை கொடுத்தது. கிழக்கு லண்டனின் ஷாட்வெல் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டடிகளின் கூட்டமும் குளிரும் நோயும் அந்த விசாரணையில் வந்தன. 1823ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது: பிரிட்டிஷ் ஆட்சியில் பிறந்திருந்தாலும் ஆசிய மாலுமிகள் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கணக்கில் வரமாட்டார்கள். ஜான்சன் தவறான கப்பலில் வேலை செய்ததால் கிரீனிச்சை இழந்தார். பம்பாய் லஸ்கர் எந்தக் கப்பலில் வேலை செய்தாலும் ஆங்கில மாலுமி என்ற கணக்குக்குள்ளேயே வர முடியாது.

படங்களுக்கு வருவோம். இந்திய உழைப்பாளிகளைத் தகட்டில் செதுக்கியவர்களில் முன்னோடி பல்தசார் சோல்வின்ஸ். ஆண்ட்வெர்ப்பிலிருந்து 1791இல் கல்கத்தா வந்த அவர் அடிப்படையில் கடற்காட்சி ஓவியர். 1796க்கும் 1799க்கும் இடையில் 250 வண்ண எட்சிங் படங்களை வெளியிட்டார். பின்பு பாரிசில் நான்கு பெருந்தொகுதிகளாக விரித்தார். கப்பலும் படகும் வரைவதில் அவர் கைக்கு நிகரில்லை. எந்தப் படகுக்கு எத்தனை துடுப்பு, பாய் எப்படிக் கட்டப்படும் என்பதெல்லாம் அவ்வளவு துல்லியம். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் தலைப்பில் சாதி அல்லது தொழில். தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைகளுக்கு வரைந்து கொடுத்த கணவன் மனைவி ஜோடிப் படங்களும் இதே ஜாதிதான். தட்டார் இப்படி இருப்பார், குயவர் இப்படி இருப்பார். இன்ன ஊர் இன்னார் என்பது அந்தப் படங்களின் வேலை இல்லை.

கேமரா வந்ததும் இது மாறியிருக்க வேண்டும். முகத்தை அப்படியே பிடிக்கும் கருவி அல்லவா! ஸ்காட்லாந்தில் மாறவும் செய்தது. எடின்பரோவில் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் 1843இல் சேர்ந்து ஒரு நிழற்பட நிலையம் தொடங்கினார்கள். தால்பட் கண்டுபிடித்த காலோடைப் முறை: காகிதத்திலேயே நெகடிவ், உப்பு பூசிய காகிதத்தில் பிரதி. வெயிலில் நீண்ட நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பக்கத்து மீன்பிடி ஊரான நியூஹேவனில் அவர்கள் எடுத்த மீனவர் படங்கள் உலக நிழற்பட வரலாற்றின் தொடக்கச் சாதனைகளில் சேர்ந்தவை. படகில் சாய்ந்து நிற்கும் லிண்டன் என்ற மீனவரும் அவர் பிள்ளைகளும் இன்றும் பெயரோடு அறியப்படுகிறார்கள். 1848 ஜனவரியில் ஆடம்சன் இருபத்தாறு வயதில் இறந்துபோக, அந்தக் கூட்டும் முடிந்தது.

பம்பாய் பின்தங்கியிருக்கவில்லை. 1854இல் இங்கே நிழற்படச் சங்கம் தொடங்கியது. லண்டனில் சங்கம் தொடங்கி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 1855இல் எல்ஃபின்ஸ்டன் நிறுவனத்தில் நிழற்பட வகுப்பு நடந்தது. டாக்டர் நாராயண் தாஜியும் ஹரிச்சந்திர சிந்தாமணும் வெள்ளைக்காரர்களுக்குச் சமமாகக் கேமரா பிடித்தார்கள். இன்று பைகுல்லாவில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த பாவ் தாஜி, நாராயணின் அண்ணன். அவருக்கும் இந்தப் பித்து உண்டு.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஜான்சன், வில்லியம் ஹெண்டர்சன் இருவரும் 1856 முதல் 1858 வரை மாதாமாதம் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். உண்மையான நிழற்படங்களைத் தாளில் ஒட்டி, விளக்கம் அச்சிட்ட இதழ். பம்பாய்வாசிகளின் உடையும் தோற்றமும் அதில் தொடராக வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் வில்லியம் ஜான்சன் 1863லும் 1866லும் லண்டனில் வெளியிட்ட இரு தொகுதிகள். பம்பாயில் வசிப்போரும் வந்துபோவோருமான இனங்கள், குலங்கள் என்பது தலைப்பின் சாரம். துறைமுக நகரத்தின் மனிதர்களைப் பற்றி இதைவிடப் பொருத்தமான திட்டம் இருக்க முடியாது.

ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு தில்லுமுல்லு தெரியும். ஆட்களை நிழற்படக் கூடத்தில் நிறுத்தி எடுத்த நெகடிவையும், வேறெங்கோ எடுத்த கோயில், தெரு, கடற்கரைக் காட்சியின் நெகடிவையும் சேர்த்து ஒரே படமாக்கியிருக்கிறார்கள். நிழல் ஒரு பக்கம் விழும், பின்னணி வெளிச்சம் வேறு பக்கம் இருக்கும். விளிம்பில் ஆள் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பார். தொழில்நுட்பத்தின் போதாமை ஒரு காரணம். கூடத்துக்கு வெளியே ஒரு கூட்டத்தை அசையாமல் நிறுத்துவது கடினம். ஆனாலும் விளைவு அதைவிடப் பெரியது. மனிதனை அவன் நின்ற இடத்திலிருந்து பிரித்து, அவன் குலத்துக்குப் பொருத்தமானது என்று கருதிய காட்சியில் ஒட்டினார்கள். தலைப்பில் குலத்தின் பெயர் வந்தது, ஆளின் பெயர் போனது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக, 468 நிழற்படங்களோடு அரசு வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ இந்த முறையையே அதிகாரபூர்வமாக்கியது.

லண்டனிலும் இதே கதை. ஹென்றி மேஹ்யூவின் பெரும் ஆய்வில் லண்டன் ஏழைகள் பக்கம் பக்கமாகத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பேசுகிறார்கள். ரிச்சர்ட் பியர்டு எடுத்த டாகுரோடைப் படங்களைப் பார்த்து மரத்தில் செதுக்கிய உருவங்கள் அதில் உண்டு. அவற்றில் ஒருவர் தெருவில் சமயத் துண்டுநூல் விற்கும் இந்தியர். படத்துக்குக் கீழே இந்து, துண்டுநூல் விற்பவர், அவ்வளவே. 1857இல் கிழக்கு லண்டனின் லைம்ஹவுசில் ஆசிய மாலுமிகளுக்கான ‘அந்நியர் இல்லம்’ திறந்தது. மகாராஜா துலீப் சிங் அதற்கு நன்கொடை கொடுத்தார். அங்கே ஊழியம் செய்த ஜோசப் சால்டர் என்ற மிஷனரி 1873இல் எழுதிய புத்தகத்தில் வேலை இழந்து, கப்பல் தவறி, தெருக் கூட்டியும் பாட்டுப் பாடியும் பிழைத்த ஆசியர்கள் வரிசையாக வருகிறார்கள். மதம் மாற்றும் நோக்கம் அப்பட்டமாகத் தெரியும் புத்தகம்தான். எனினும் அவர் பேச்சுக்கொடுத்ததால் பெயர்கள் தப்பின.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. விஞ்ஞானப் பெருமையோடு, விலையுயர்ந்த கருவியோடு, அரசின் ஆசியோடு இறங்கியவர்கள் பெயர் கேட்கவில்லை. அக்கப்போர் சேகரித்த ஸ்மித்தும் ஆத்துமா தேடிய சால்டரும் கேட்டார்கள். ஒருவரிடம் ஏதாவது கதை வாங்கியாக வேண்டும் என்றால் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருவரை மாதிரியாகக் காட்டினால் போதும் என்றால் பெயர் இடைஞ்சல்.

கட்டடங்களிலும் இந்தப் பாகுபாட்டைப் படிக்கலாம். 1870இல் பம்பாய்க்கு வந்த எடின்பரோ கோமகன் ஆல்ஃபிரட் பெயரால் ஒரு மாலுமி இல்லம் எழுந்தது. வடிவமைத்தவர் பின்னாளில் விக்டோரியா டெர்மினசைக் கட்டிய எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ். 1876இல் முடிந்த அந்த மாளிகையின் முகப்பில் கடல் தெய்வம் நெப்டியூன் வீற்றிருக்கிறார்; அது ஐரோப்பிய மாலுமிகளுக்கு. இப்போது மகாராஷ்டிரக் காவல்துறைத் தலைமையகம். இந்திய மாலுமிகள் செராங்குகளின் லாட்ஜுகளிலும், கோவாக்காரர்கள் ஊர் ஊராக தோபி தலாவ் பகுதியில் நடத்திய ‘கூட்’ என்ற தங்குமிடங்களிலும் அடுத்த கப்பலுக்குக் காத்துக்கிடந்தார்கள். மஸ்ஜித் பந்தரில் அவர்களுக்கென்று இல்லம் வர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று.

கடைநிலை மாலுமியின் முகமும் பெயரும் பெருமளவில் ஒரே தாளில் சேர்ந்தது கலையால் இல்லை, கண்காணிப்பால். முதல் உலகப் போரின் முடிவில், 1918 முதல் 1921 வரை, பிரிட்டிஷ் கப்பல் பதிவாளர் மாலுமிகளுக்கு அட்டை போட்டார். முன்பக்கம் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்திய அடையாளம். பின்பக்கம் நிழற்படம். இன்று சவுத்தாம்ப்டன் ஆவணக்காப்பகத்தில் உள்ள அந்த அட்டைகளில் கரீபியர், ஆப்பிரிக்கர், அரபிகள், ஆசியர் என்று பல நாட்டு முகங்கள் நேருக்கு நேர் பார்க்கின்றன. 1925இல் வந்த ஆணை வெள்ளையர் அல்லாத அயல்நாட்டு மாலுமிகள் காவல்துறையில் பதிவு செய்யவேண்டும் என்றது. பிரிட்டிஷ் குடிமக்களான பல கறுப்பினத்தாரும் இந்தியரும்கூட அதில் மாட்டினார்கள். காவல் பதிவுக்கு எடுத்த படமே ஒரு மனிதனின் ஒரே உருவப்படமாக மிஞ்சுவது பெருமைப்படும்படியான வரலாறு இல்லைதான். ஆயினும் அந்த அட்டையில் உள்ள மனிதரை வேறொருவரோடு குழப்பிக்கொள்ள முடியாது. வில்லியம் ஜான்சனின் ஆல்பத்தில் அந்த உறுதி இல்லை.

போர் இன்னொரு வகைப் பட்டியலையும் தந்தது. 1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட லஸ்கர்கள் இருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் 3,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் நீர்மூழ்கிகள் தாக்கி மூழ்கிய கப்பல்களின் கொதிகலன் அறைகளில். கல்கத்தாவில் 1924இல் ஹூக்ளிக் கரையில் வங்காள, அசாம் லஸ்கர்கள் 896 பேருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. பம்பாய்ப் பெயர்கள் மஸ்ஜித் பந்தர் மாலுமி இல்லத்தோடு சேர்ந்தவை; கடலையன்றி வேறு கல்லறை இல்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியல் அது. பின்னர் இரண்டாம் உலகப் போரின் பட்டியலும் அங்கே சேர்ந்தது. ஹார்பர் லைனில் தினமும் போகும் தமிழர்கள் அந்த ஸ்டேஷனில் இறங்குவது மொத்த வியாபாரக் கடைகளுக்காக. சில நிமிட நடையில் இப்படியொரு பட்டியல் இருப்பது பலருக்குச் செய்தியாக இருக்கும்.

ஊர் தன் மாலுமிகளின் பெயரைத் தானே வைத்துக்கொண்ட உதாரணமும் தமிழில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை ஆட்களே அதைச் சூயஸ் வழியாக, அட்லாண்டிக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அது விசித்திரச் செய்தி. வல்வெட்டித்துறைக்கு அது குடும்பச் செய்தி; தண்டல் தம்பிப்பிள்ளையின் பெயரை அந்த ஊர் மறக்கவில்லை.

மும்பையின் சான்றுகள் எங்கே இருக்கின்றன? சுதந்திரத்துக்குப் பின் கப்பல் துறை இயக்குநரகம் இந்த நகரத்தில்தான் அமைந்தது. 1958இல் வணிகக் கப்பல் சட்டமும் 1966இல் மாலுமிகள் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் வந்தன. பிடித்த காசுக்கு மாலுமியின் பெயரிலேயே கணக்கு என்பது ஜோசப் ஜான்சன் காலத்து ஆறு பென்சுக்குக் கிடைக்காத நியாயம். ஆனாலும் மாதாமாதம் கைக்கு வரும் ஓய்வூதியம் என்ற கோரிக்கையோடு பழைய மாலுமிகள் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கப்பலுக்குப் போகிற எவருக்கும் சி.டி.சி. என்னும் கையேடு கட்டாயம். அதில் படம், கையொப்பம் அல்லது ரேகை, உடல் அடையாளம். அடுத்த பக்கங்களில் ஏறிய கப்பல், ஏறிய நாள், இறங்கிய நாள், பதவி, நடத்தை பற்றிக் கப்டனின் முத்திரை. ஒரு மாலுமியின் வாழ்க்கை வரலாறு அவருடைய முகத்தோடு ஒரே உறைக்குள் இருப்பது இதில்தான்.

அந்தக் கையேடுகள் அருங்காட்சியகத்தில் இல்லை. தூத்துக்குடி, காயல்பட்டினம், ரத்னகிரி, கோவா வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள், ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் நடுவே கிடக்கின்றன. காலாவதியான தாள் என்று பிள்ளைகள் பழைய பேப்பர்காரரிடம் போடுவதும் நடக்கிறது. பைகுல்லா அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் பம்பாயின் சமூகங்கள் களிமண் பொம்மைகளாக இன்றும் வரிசையில் நிற்கின்றன, பக்கத்தில் படகுகளின் மாதிரிகள். அங்கே ஓர் அலமாரியில் பத்து சி.டி.சி.களைத் திறந்து வைப்பதற்குக் குடும்பங்களின் சம்மதமும் கொஞ்சம் இடமும் போதும். செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை.